போட்டோவில் சிக்காத வள்ளலார்... கிரகண நிலாவோடு ஒரு வடலூர் கதை!

உங்க போன் கேலரியைத் திறந்து, உங்க முகம் இருக்கிற படங்களை மட்டும் எண்ணிப் பாருங்க. சில நூறா? சில ஆயிரமா? பாதியிலேயே எண்ணுவதை விட்டுடுவீங்க.

இப்போ ஒருத்தரை யோசிங்க. கடலூர் மாவட்டத்தில் அவர் படம் மாட்டாத கடையைத் தேடித்தான் பிடிக்கணும். உடம்பைச் சுற்றிய வெள்ளைத் துணி, அதிலேயே தலைக்கும் ஒரு முக்காடு, கட்டிய கைகள், அமைதியான முகம். பார்த்ததும் வள்ளலார் என்று சொல்லிடுவீங்க. ஆனா, அது போட்டோ இல்லை. ஓவியம். வள்ளலாரின் புகைப்படம் என்று ஒன்றுகூட நம்மிடம் கிடையாது.

கேமராவே வராத காலத்து மனிதர் போல என்று நினைக்காதீங்க. 1856-லேயே சென்னையில் போட்டோகிராபிக்கு என்று ஒரு சங்கம் தொடங்கிட்டாங்க. அப்போது வள்ளலாருக்கு வயது 33. இருந்ததும் அதே சென்னையில்தான். அப்புறம் ஏன் அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை? அதற்கு வடலூர் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. அந்தக் கதைக்குப் போகும் முன்னாடி, வெளிச்சத்தின் பின்னாலேயே போன அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

சிதம்பரத்தில் விலகிய முதல் திரை

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர். அங்கே 1823 அக்டோபர் 5 அன்று ராமையா பிள்ளை - சின்னம்மை தம்பதிக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் ராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் அவரைச் சிதம்பரம் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சிதம்பர ரகசியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடராஜர் சந்நிதிக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். அதை விலக்கினால் சிலை எதுவும் இருக்காது. வெட்டவெளியும், அதில் தொங்கும் தங்க வில்வ மாலையும்தான். திரை விலகியபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, குழந்தை மட்டும் சிரித்தது என்கிறது அவரது வரலாறு.

கொஞ்ச நாளிலேயே அப்பா காலமானார். குடும்பம் பொன்னேரிக்கும், பிறகு சென்னைக்கும் வந்தது. அண்ணன் சபாபதி, புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார். தம்பியைப் படிக்க அனுப்பினால், தம்பி போனது கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு. பள்ளிப் பாடம் ஏறவில்லை. பாட்டு மட்டும் ஊற்றாக வந்தது. கோபத்தில் அண்ணன் சோறு போட வேண்டாம் என்று சொல்ல, அண்ணி யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் வைத்துச் சாப்பாடு போட்ட கதையும் உண்டு. பசியோடு வருபவருக்குக் கேள்வி கேட்காமல் சோறு போடணும் என்ற பாடத்தை அவர் முதலில் படித்தது அந்தக் கொல்லைப்பக்கத்தில்தானோ என்னவோ!

பிறகு வீட்டு மாடியில் அவருக்கு ஒரு அறை ஒதுக்கினாங்க. ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெரு. அந்த அறையில் அந்தப் பையன் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டினார். அதன் முன்னால் ஒரு விளக்கை ஏற்றினார். கண்ணாடியில் தெரியும் சுடரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கணக்கில். ஒருநாள் அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகன் தெரிந்தார் என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்க விருப்பம். ஆனா, அந்தக் கண்ணாடியையும் விளக்கையும் ஞாபகம் வைத்துக்கோங்க. பின்னாடி திரும்ப வரும்.

அணையாத அடுப்பு

வீட்டார் வற்புறுத்தலால் கல்யாணம் நடந்தது. குடும்ப வாழ்க்கை ஒட்டவில்லை. 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பினார். சிதம்பரம் போய், பிறகு வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் தங்கினார். இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் எழுதுவார். எண்ணெய்ச் செம்பு என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினார், விளக்கு விடியும்வரை எரிந்தது என்று சொல்லப்படுவது இந்த வீட்டில்தான். அங்கே எழுதியவையும் முன்பு எழுதியவையும் சேர்ந்து 1867-ல் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. அது அருட்பாதானா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்க்க, விவகாரம் 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது. வள்ளலார் அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தார்.

1865-66 காலகட்டத்தில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். பசி என்றால் என்ன என்று கண்ணெதிரே தெரிந்த வருடங்கள். வடலூரில் பார்வதிபுரம் ஊர்மக்கள் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தாங்க. 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலை திறந்தது. 21 அடி நீளத்துக்கு ஓர் அடுப்பு வெட்டி நெருப்பு மூட்டினார். வருகிறவர் யாராக இருந்தாலும் சோறு. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்கக் கூடாது. அன்றைய தென்னாற்காட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்க. பல இடங்களில் எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத காலம் அது!

எட்டு முறை எடுத்த போட்டோ

இப்போ அந்தப் போட்டோ கதை. அன்பர்களுக்கு அவரது படம் ஒன்று வேண்டும் என்று ஆசை. சென்னையில் இருந்து மாசிலாமணி முதலியார் என்ற போட்டோகிராபரை வரவழைத்தாங்களாம். அவர் எட்டு முறை எடுத்தாராம். எட்டிலும் வெள்ளைத் துணி மட்டும் பளிச்சென்று விழ, முகமும் உடம்பும் விழவே இல்லையாம். அவரது உடம்பு ஒளியுடம்பு, அதனால்தான் கேமராவில் சிக்கவில்லை என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அந்தக் கால கேமரா எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இந்தக் கதை இன்னும் சுவாரஸ்யமாகும். ஃபிலிம் ரோல் எல்லாம் அப்போது கிடையாது. ஒரு கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசணும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கணும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிப்போய் கழுவணும். ஒரு படத்துக்குப் பல நொடிகள் ஆகும். உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டினால் முகம் கலைந்துவிடும் என்று, கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்து நிறுத்துவாங்க. அதாவது, அந்தக் காலத்தில் போர்ட்ரெய்ட்டே லாங் எக்ஸ்போஷர்தான்.

இன்னொரு விஷயம். அந்தத் தட்டுக்கு நீல வெளிச்சம் நன்றாகத் தெரியும். சிவப்பும் பழுப்பும் கிட்டத்தட்ட தெரியாது. வெள்ளைத் துணி பளீரென்று விழும், மாநிறத் தோல் இருட்டாக விழும். அதனால், எட்டுத் தட்டிலும் துணி மட்டும் தெரிந்தது என்ற செய்தியை ஒரு போட்டோகிராபர் ஒரு மாதிரி படிப்பார், ஓர் அன்பர் வேறு மாதிரி படிப்பார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அந்த முகம் நமக்குக் கிடைக்கவில்லை.

பண்ருட்டியில் இருந்து ஓர் அன்பர் அவரை மண் பொம்மையாகச் செய்து கொண்டுவந்தபோதும், அதை வாங்கிக் கீழே போட்டு உடைத்தார் என்று சொல்வாங்க. தன் உருவத்தைக் கும்பிடுவதில் அவருக்கு விருப்பமே இல்லை. பார்க்க வேண்டியது தன்னை இல்லை, வெளிச்சத்தை என்பதில் கறாராக இருந்தார்.

கிரகணமும் ஏழு திரையும்

1871-ன் நடுவில் சத்திய ஞானசபைக்கான கட்டட வேலை தொடங்கியது. அதே வருடம் டிசம்பர் 12 காலையில் தமிழ்நாட்டின் மேல் ஒரு முழு சூரிய கிரகணம். நீலகிரியில் இருந்து யாழ்ப்பாணம் வரை அதன் பாதை. உலகத்து விஞ்ஞானிகள் ஊட்டிக்கு வந்து கூடாரம் போட்டாங்க. பிரான்ஸில் இருந்து ஜான்சன் வந்தார். தொட்டபெட்டாவில் டெனன்ட் தலைமையில் கேமராவைத் திருப்பி வைத்து, சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தைக் கண்ணாடித் தட்டில் பிடிச்சாங்க. வடலூர் அந்தப் பாதைக்கு வெளியே இருந்தாலும், அங்கேயும் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருக்கும்.

சூரிய கிரகணம் வருவது அமாவாசையில். அந்த அமாவாசையில் இருந்து 44-வது நாள், முழுநிலா நாள், 1872 ஜனவரி 25, தைப்பூசம். அன்றுதான் ஞானசபை திறந்தது.

எண்கோண வடிவம், தெற்குப் பார்த்த வாசல். உள்ளே சிலை கிடையாது. ஒரு விளக்கு, அதன் முன் ஒரு பெரிய கண்ணாடி. ஏழுகிணறு மாடியறை ஞாபகம் வருதா? அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம். ஒவ்வொரு திரையும் மனிதரின் ஓர் அறியாமை என்பது விளக்கம். மாதப் பூசத்தில் ஆறு திரையை விலக்குவாங்க. தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும். அந்தச் சில நொடி வெளிச்சத்துக்காக லட்சக்கணக்கில் ஜனங்க காத்திருப்பாங்க.

இதை நிலாவோடு சேர்த்துப் பார்க்கவும் ஒரு நாள் வாய்த்தது. 2018 ஜனவரி 31. தைப்பூசமும் முழு சந்திர கிரகணமும் ஒரே நாளில்! அன்று நம்ம ஊர்களில் நிலா கிழக்கே எழும்போதே பூமியின் நிழல் பாதிக்கு மேல் மூடியிருந்தது. 6.21-க்கு முழுதாக மறைந்து, 7.37 வரை செம்பு நிறத்தில் தொங்கியது.

நிழலில் இருக்கும் நிலா ஏன் கறுப்பாகாமல் சிவப்பாகுது? சூரிய வெளிச்சத்தைப் பூமி மறைத்தாலும், பூமியைச் சுற்றியுள்ள காற்று கொஞ்சம் வெளிச்சத்தை வளைத்து நிழலுக்குள் அனுப்புது. வழியில் நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் போய்ச் சேருது. சிம்பிளா சொன்னா, அந்த நேரத்தில் பூமியில் எங்கெங்கே சூரியன் உதிக்குதோ, எங்கெங்கே மறையுதோ, அத்தனை இடத்துச் செவ்வானமும் சேர்ந்துதான் நிலா மேல் விழுது. நிழலின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடும் தெரியலாம். அது ஓசோன் படலத்தின் வேலை.

வள்ளலார் காலத்துக் கொலோடியன் தட்டுக்கு இந்தச் சிவப்பு நிலா ரொம்பக் கஷ்டம். உங்க கையில் இருக்கும் போனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனா, பொறுமை வேணும்.

கிரகண நிலாவை எப்படி எடுக்கிறது?

முழுநிலா எவ்வளவு பிரகாசம் என்று தெரியும். கிரகணத்தின் நடுவில் அந்த வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். அதனால் முழுநிலாவுக்கு வைத்த செட்டிங்கை அப்படியே வைத்தால் படம் இருட்டாகத்தான் வரும். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கணும். அதுதான் லாங் எக்ஸ்போஷர்.

முதலில் போனை டிரைபாடில் வைங்க. இல்லையா, மாடிச் சுவரில் ரெண்டு செங்கல் நடுவில் நிறுத்துங்க. புரோ மோடுக்குப் போங்க. ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைங்க. ஐஎஸ்ஓ 400-ல் இருந்து 800 போதும். ஷட்டரை அரை நொடியில் தொடங்கி ரெண்டு நொடி வரைக்கும் மாற்றி மாற்றி எடுங்க. விரல் பட்டாலே போன் ஆடும் என்பதால் டைமர் கட்டாயம்.

ஷட்டரை ரொம்ப நேரம் திறந்தும் வைக்க முடியாது. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், வானத்தில் நிலா ஏறக்குறைய ரெண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துடும். நிறைய ஜூம் செய்து எடுத்தால், சில நொடிகளிலேயே ஓரம் கலங்கும். அதனால், ஜூமை மறந்துட்டு, அகலமாக எடுங்க. கோபுரமோ, தென்னையோ, செல்போன் டவரோ முன்னால் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்தால், வெள்ளையில் தொடங்கி, தேய்ந்து, சிவந்து, திரும்ப வெளுக்கும் நிலாக்கள் வரிசையாக வரும். ஃபிலிம் காலத்தில் சிலர் ஷட்டரை மணிக்கணக்கில் திறந்தே வைத்து, மொத்த கிரகணத்தையும் வானத்தில் ஒரே பட்டையாகப் பிடிச்சிருக்காங்க. பட்டை நடுவில் மெலிந்து சிவந்து இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நிலாவை ஜூம் பண்ணினால், சில போன்கள் தாங்களாகவே பள்ளம் மேடெல்லாம் சேர்த்து அழகாக்கிக் கொடுக்கும். பார்த்தது ஒன்று, படத்தில் இருப்பது இன்னொன்று. முகமே இல்லாத வள்ளலாருக்கும் நாளைக்கு ஏதாவது ஒரு ஏஐ தத்ரூபமாக ஒரு போட்டோ செய்து கொடுக்கும். ஷேர் பண்ணும் முன்னாடி, அவர் உடைத்த அந்த மண் பொம்மையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், எந்த ஆபத்தும் இல்லை. 2025 செப்டம்பர் 7 ராத்திரி தவற விட்டவங்க, 2028 டிசம்பர் 31-ஐக் குறிச்சு வைங்க. புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு முன்னாடி, இரவு சுமார் 9.45 முதல் 11 மணியை நெருங்கும் வரை முழு கிரகணம். வடலூர்ப் பக்கம் இருந்தால் சபைக்கு வெளியே பரந்து கிடக்கும் பெருவெளி நல்ல இடம்.

கடைசிக் கதவு

1870-ல் இருந்தே வள்ளலார் தங்கியது பக்கத்து மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட வீட்டில். 1873 அக்டோபரில் அங்கே கொடி ஏற்றிப் பேசினார். சாதியையும் சமயச் சடங்குகளையும் விடச் சொன்னார். கார்த்திகையில், தன் அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்தார். இனி இதைப் பாருங்க என்பதுதான் அதன் அர்த்தம்.

1874 ஜனவரி 30. தைப்பூச நேரம், வானத்தில் கிட்டத்தட்ட முழுநிலா. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் வந்து கதவைத் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்லுது. 1906-ல் ஆங்கிலேய அரசு வெளியிட்ட தென்னாற்காடு கெசட்டியரும், அவர் அறைக்குள் போனதையும் பிறகு காணப்படாததையும் பதிவு செய்திருக்கு. கடவுளோடு ஒன்றாகிவிட்டார், திரும்ப வருவார் என்ற அன்பர்களின் நம்பிக்கையையும் அதே கெசட்டியர் எழுதி வைத்திருக்கு. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

முகம் இல்லை, சமாதி இல்லை. ஆனா, ஒரு மனிதர் என்ன செய்தார் என்று பார்க்க போட்டோ தேவையில்லை என்பதற்கு வடலூரில் ஓர் ஆதாரம் இருக்கு. 1867-ல் மூட்டிய அந்த 21 அடி அடுப்பு இன்னும் அணையவில்லை. அடுத்து கடலூர் - விருத்தாசலம் சாலையில் போகும்போது, வடலூரில் இறங்குங்க. சாப்பாட்டு நேரமாக இருந்தால் தருமச்சாலைக்குள் போய்ப் பந்தியில் உட்காருங்க. யார் நீங்க, என்ன சாதி என்று ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. இலையைப் போட்டுச் சோறு வைப்பாங்க.